ஸ்டியரிங்கில் ஆளில்லாத ஜீப்

"ஏனுங்க, பின்னாடி ஜீப்பு தலையாட்டுதுங்க."

வீட்டம்மா இதைச் சொன்னபோது மணி காலை பதினொன்று இருக்கும். பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்காக, வீட்டையே சுமக்கும் வண்டியான மோட்டார்ஹோமில், டெக்ஸாஸின் இன்டர்ஸ்டேட் 10 நெடுஞ்சாலையில் ஜங்ஷனைத் தாண்டி சொனோரா பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ஜங்ஷன் என்றதும் நம் ஆட்களுக்கு ரயில் நிலையம்தான் நினைவுக்கு வரும். இங்கே அது ஊரின் பெயர், லானோ ஆற்றங்கரையில் சின்ன ஊர். வேக வரம்பு 80 மைல் என்று போட்டிருக்கும் சாலையில் நான் 60-ல் உருட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்கில் ஓர் அதிர்வும் இல்லை, சீட்டிலும் இல்லை. காபி தம்ளர் கூட ஆடவில்லை.

கேமரா திரையைப் பார்த்தேன். பின்னால் கட்டியிருந்த ஜீப்பின் முன் சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாகப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. யாரோ உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து உலுக்குகிற மாதிரி. உள்ளே யாரும் இல்லை என்பதுதான் பயம். பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஹசார்டு விளக்கைப் போட்டு ஓரம் கட்டினேன். 25 மைலுக்கு இறங்கியதும் சக்கரங்கள் ஒன்றும் நடக்காத மாதிரி நேராகிவிட்டன.

இறங்கிப் போய்ப் பார்த்தால் ஜீப் பரம சாதுவாக நிற்கிறது.

நான் நாமக்கல்காரன். அப்பா இரண்டு லாரி வைத்திருந்தார். ஒரு வண்டி நின்றுவிட்டால் இன்னொரு வண்டி வந்து கயிறோ பாரோ போட்டுக் கட்டி இழுத்துப் போகும். ஆனால் இழுபடும் வண்டியின் ஸ்டியரிங்கில் ஒருவர் கட்டாயம் இருப்பார், பெரும்பாலும் கிளீனர் பையன். இங்கே அமெரிக்காவில் மோட்டார்ஹோம்காரர்கள் காரை நான்கு சக்கரமும் தரையில் உருள அப்படியே கட்டி இழுக்கிறார்கள், ஆள் இல்லாமல். இழுபடும் காருக்கு இவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் 'டோட்'. இழுபடுவது என்ற சொல்லும் தேரை என்ற சொல்லும் ஆங்கிலத்தில் காதுக்கு ஒன்றாகவே ஒலிக்கும், அந்த விளையாட்டு. அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் ஜீப்புக்குத் தேரை என்றே பெயர்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ஹூஸ்டனில் இருபத்தேழு வருடம் குப்பை கொட்டியதற்குப் பரிசாக எனக்கு நானே வாங்கிக்கொண்டது பழைய 28 அடி மோட்டார்ஹோம். ஃபோர்டு இ-450 சேஸிஸ். கூடவே 2014 மாடல் நான்கு கதவு ஜீப் ராங்ளர், அதுவும் பழையதுதான். முந்தைய சொந்தக்காரர் இரண்டரை அங்குலம் உயர்த்தி, 33 அங்குல டயர் போட்டு வைத்திருந்தார். பார்க்க நன்றாக இருந்தது, வாங்கிவிட்டேன். பேர்லாண்டு மீனாட்சி கோவிலில் இரண்டுக்கும் சேர்த்துப் பூஜை போட்டோம். மொத்தம் எட்டு எலுமிச்சம்பழம் நசுங்கியது.

ராங்ளரைப் பலரும் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் தள்ளி, ஆட்டோமேட்டிக் கியரைப் பார்க்கில் விட்டு, ஸ்டியரிங் பூட்டாத இடத்தில் சாவியை வைத்துவிட்டால், எத்தனை நூறு மைல் இழுத்தாலும் கியர்பாக்ஸ் சுற்றாது. ஒரே தொல்லை, ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. பின்னால் தள்ளினால் முன் சக்கரம் ஒரு பக்கமாக மடங்கிக்கொண்டு, இரண்டு வண்டியையும் இணைக்கும் டோ பாரை வளைத்துவிடும். பெட்ரோல் பங்கில் நுழையும்போதே வெளியேறும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

அன்று முதலில் சந்தேகப்பட்டது டயர் காற்றை. இரண்டு வாரத்துக்கு முன் பாத்ரே தீவில் கடற்கரை மணலில் ஓட்டுவதற்காகக் காற்றை இறக்கியிருந்தேன். திரும்பும்போது சிகரெட் லைட்டரில் செருகும் கையடக்க கம்ப்ரசரில் ஏற்றினேன், இருட்டிவிட்டது, அவசரம். இப்போது அளந்தால் இடது முன் டயர் 31, வலது முன் டயர் 24. பார்த்ததும் எனக்கு ஒரே நிம்மதி, குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று. சொனோராவில் ஒரு பங்கில் நான்கையும் சமமாக ஏற்றினேன். ஆனாலும் மறுபடி கட்டி இழுக்கத் தைரியம் வரவில்லை. டோ பாரைக் கழற்றி, அங்கிருந்து ஃபோர்ட் ஸ்டாக்டன் வரை சுமார் 140 மைலும் ஜீப்பை வீட்டம்மா தனியாக ஓட்டி வந்தார். அங்கே பைசானோ பீட் என்ற பிரம்மாண்டமான ரோட்ரன்னர் பறவைச் சிலை உண்டு. அதன் காலடியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எழுபதுல வந்தனுங்க. வெண்ணெய் மாதிரி வந்துச்சு."

இந்த 'வெண்ணெய்'தான் அடுத்த மூன்று மாதம் என்னைக் குழப்பியது. தனியாக ஓட்டினால் ஆடாத வண்டி, கட்டி இழுத்தால் மட்டும் ஏன் ஆடுகிறது?

ஹூஸ்டன் திரும்பியதும் இணையத்தில் உட்கார்ந்து படித்தேன். முன்னால் ஒரே துண்டு அச்சு உள்ள வண்டிகளுக்கெல்லாம் இந்த நோய் வரலாம், பெயரே மரண ஆட்டம் என்று வைத்திருக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் ஒரு சக்கரம் மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ளுமே, அதே கதை. சக்கரம் லேசாகத் திரும்புகிறது, சாலை அதை நேராக்குகிறது, நேராகும் வேகத்தில் மறுபக்கம் போகிறது. எங்காவது ஒரு மூட்டில் தளர்வு இருந்தால் அந்த ஊசல் அடங்குவதற்குப் பதில் வளர்கிறது.

படித்தவர்களில் பாதிப் பேர் சொன்ன மருந்து, ஸ்டியரிங்கின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் டேம்பரை மாற்று. அறுபது டாலர், இரண்டு போல்ட், அரை மணி வேலை. மாற்றினேன். கொலம்பஸ் வரை எழுபது மைல் போய் வந்தேன், ஆட்டமே இல்லை. வீட்டில் கேசரி செய்து கொண்டாடினோம்.

நான் செய்ததிலேயே பெரிய தப்பு அந்த டேம்பர்தான் என்று இப்போது தோன்றுகிறது. டேம்பர் ஆட்டத்தின் காரணத்தைத் தொடுவதில்லை. ஆட்டத்தை அமுக்கி வைக்கிறது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போவது போல. அடுத்த மாதம் சான் அந்தோனியோ போகும்போது, அதே கொலம்பஸில், கொலராடோ ஆற்றுப் பாலத்தின் இணைப்பு மேல் ஏறிய நொடியில் தேரை மறுபடி ஆடியது. கிராண்ட் கேன்யன் ஆறு வேறு, இது டெக்ஸாஸின் சொந்தக் கொலராடோ. புது டேம்பர் இருந்ததால் இந்த முறை ஆட்டம் வளர நேரம் பிடித்தது. ஆனால் வந்தபின் முன்னைவிட மோசம்.

அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோனேன். சக்கரங்களின் திசையும் சாய்வும் (டோ, கேம்பர் என்பார்கள்) சரி. கேஸ்டர் 3.1 டிகிரி என்று தாளில் வந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது 4.2 வாக்கில் இருக்கும். வண்டியை உயர்த்தினால் அச்சு முன்பக்கம் சாய்ந்து கேஸ்டர் குறையும். சைக்கிளில் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதால்தானே கையை விட்டு ஓட்ட முடிகிறது, அந்தச் சாய்வுதான் கேஸ்டர். ஆளில்லாத ஜீப் என்பது கையை விட்டு ஓட்டும் சைக்கிள். கீழ்க் கண்ட்ரோல் ஆர்ம்களில் கேம் போல்ட் போட்டு 4.4-க்குக் கொண்டுவந்தார்கள். "எல்லாம் பார்த்தாச்சு, தளர்வு ஏதும் இல்லை" என்று எழுதியும் கொடுத்தார்கள். வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, கம்பியால் நெம்பிப் பார்த்திருக்கிறார்கள். பாரம் இல்லாத மூட்டு தன் நோயைச் சொல்லாது என்பது எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

பிறகுதான் ஒரு புத்தி வந்தது. பழைய ஃபோன் ஒன்றை ஜீப்பின் ஓட்டுநர் சீட் தலையணைக் கம்பியில் கட்டி, ஸ்டியரிங் வீல் தெரிகிற மாதிரி வீடியோ ஓடவிட்டேன். வீலின் உச்சியில் சிவப்பு டேப் ஒரு துண்டு. மோட்டார்ஹோம் கேமராவில் தெரியாததெல்லாம் இதில் தெரிந்தது. ஒவ்வொரு பாலத்து இணைப்பிலும் அந்தச் சிவப்பு டேப் நடுங்குகிறது. சில இடத்தில் இரண்டு நொடி, சில இடத்தில் ஏழெட்டு நொடி. பெரிய ஆட்டம் திடீரென்று வருவதில்லை. நாள் முழுக்க ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வருகிறது.

அந்த வீடியோவை நாமக்கல்லுக்கு அனுப்பினேன். மச்சான் அங்கே லாரி பட்டறை வைத்திருக்கிறார். நம் லாரிகளில் முன் வீல் ஆடினால் முதலில் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னைப் பார்ப்பார்கள், அதில் வளர்ந்த ஆள். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

"மாமா, அந்த டேம்பரைக் கழட்டிப் போடுங்க மொதல்ல. அது இருந்தா எதுவும் தெரியாது."

"கடையில தளர்வே இல்லைன்னு சொல்லிட்டாங்க மாப்ள."

"தூக்கி வெச்சுப் பாத்திருப்பாங்க. வண்டி தரையில நிக்கோணும் மாமா. இஞ்சின் ஓடோணும். அக்காளை உள்ள உக்கார வெச்சு ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு சாண் ஆட்டச் சொல்லுங்க. நீங்க அடியில படுத்து ஒவ்வொரு மூட்டா கைய வெச்சுப் பாருங்க. கண்ணு பொய் சொல்லும், கை சொல்லாது."

ஞாயிற்றுக்கிழமை காலை, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அட்டைப் பெட்டியை விரித்து அடியில் நுழைந்தேன். அறுபத்திரண்டு வயசில் இதெல்லாம் தேவையா என்று மேலே கேட்டுக்கொண்டே வீட்டம்மா ஸ்டியரிங்கை ஆட்டினார். ஸ்டியரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் கம்பிகளில், டை ராட் முனைகள் சரி. டிராக் லிங்க் சரி. ஸ்டியரிங் பெட்டி சேஸிஸோடு இறுக்கமாக இருந்தது. டிராக் பார் என்று ஒரு நீண்ட கம்பி உண்டு. ஒரு முனை சேஸிஸில், மறுமுனை அச்சில். அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. நம் லாரிகளில் அந்த வேலையை ஸ்பிரிங் பட்டைகளே பார்த்துக்கொள்ளும், ஜீப்பில் காயில் ஸ்பிரிங் என்பதால் தனிக் கம்பி வேண்டும். அச்சுப் பக்க முனையில் கை வைத்தேன், ஒன்றுமில்லை. சேஸிஸ் பக்க முனையில் வைத்தேன்.

டொக்.

"இன்னொருக்கா ஆட்டு."

டொக். விரல் நுனியில் தெளிவாகத் தெரிந்தது. முனையிலுள்ள ரப்பர் புஷ் நன்றாக இருக்கிறது, போல்ட் இறுகித்தான் இருக்கிறது. ஆனால் போல்ட் நுழையும் ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. வண்டியை உயர்த்தியபோது யாரோ இந்தப் போல்ட்டைக் கழற்றி மாட்டியவர்கள் போதிய அளவு முறுக்காமல் விட்டிருக்க வேண்டும். அதற்கு 125 அடி-பவுண்டு முறுக்கு வேண்டும், டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை அளவில் அது வராது. கொஞ்சம் தளர்ந்த போல்ட் ஒவ்வொரு மைலும் ஓட்டையைத் தட்டித் தட்டிப் பெரிதாக்கியிருக்கிறது. அச்சு மொத்தமும் ஒரு நூல் அளவு இடவலமாக நகர அதுவே போதும்.

பக்கத்துத் தெருவில் வெல்டிங் தெரிந்தவர் ஒருவர், பிராக்கெட்டின் இரு பக்கமும் கனமான வாஷர் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். 14 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பதில் ஓட்டையில் பிசகில்லாமல் உட்காரும் 9/16 அங்குல கிரேடு 8 போல்ட். வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது 125-க்கு முறுக்கி, போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டேன். போல்ட் திரும்பினால் கோடு உடையும். முழு வேலைக்கும் டேம்பரின் விலை கூட ஆகவில்லை.

இத்தோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் கட்டி இழுத்து வீடியோ எடுத்தபோது ஆட்டம் வரவில்லையே தவிர, சிவப்பு டேப்பின் நடுக்கம் முழுசாக நிற்கவில்லை. பாலத்து இணைப்புகளில் இன்னும் நான்கைந்து நொடி துடித்தது. தனியாக ஓட்டினால் 'வெண்ணெய்', இழுத்தால் நடுக்கம் என்ற அந்தப் பழைய கேள்வி பாக்கி இருந்தது. கையில் ஆள் இருந்தால் அந்தக் கையே டேம்பர், அது ஒரு பாதி பதில். மறுபாதி டோ பாரில் இருந்தது.

டோ பார் தரைக்கு மட்டமாக இருக்க வேண்டும், வித்தியாசம் 3 அங்குலத்துக்குள் என்று கையேட்டில் இருக்கிறது. நான் வாங்கிய அன்றே அளந்தேன், நான்கரை அங்குலம் வந்தது. ஒன்றரை அங்குலம்தானே என்று விட்டுவிட்டேன். ஆனால் அளந்தது காலி வண்டியில். தண்ணீர்த் தொட்டி நிரப்பி, அரிசி மூட்டை, கிரைண்டர், பின்பக்க அறை நிறைய வீட்டம்மாவின் சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு அளந்தால், மோட்டார்ஹோமின் பின்னால் டோ பாரை மாட்டும் ஹிட்ச் ஒன்றரை அங்குலம் இறங்கித் தரையிலிருந்து பதினேழரையில் நிற்கிறது. ஜீப்பின் பிராக்கெட் உயர்த்தப்பட்டதால் இருபத்து மூன்றரையில். வித்தியாசம் முழுசாக 6 அங்குலம்.

இதில் என்ன கெடுதல் என்று காகிதத்தில் கணக்குப் போட்டேன், பழைய தொழில் புத்தி. மோட்டார்ஹோமின் ஹிட்ச் பின் அச்சுக்கு வெகு தூரம் பின்னால் தொங்குகிறது. சாலையில் சின்னத் தூக்கல் வந்தாலும் அது ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் 2 அங்குலம் போகும். 36 அங்குல நீளமுள்ள பார் மட்டமாக இருந்தால், அந்த 2 அங்குல ஏற்ற இறக்கத்தில் ஜீப் முன்னால் இழுபடுவது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான். அதே பார் 6 அங்குலம் சாய்ந்திருந்தால், அதே ஏற்ற இறக்கத்தில் ஜீப் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக முன்னும் பின்னும் வெட்டி வெட்டி இழுபடும். பத்து மடங்குக்கும் மேல். இரண்டு டன் ஜீப்பை ஒவ்வொரு பாலத்திலும் யாரோ சட்டையைப் பிடித்து உலுக்குவது போல. ஆட்டத்துக்கு விதை அந்தப் போல்ட், தண்ணீர் ஊற்றியது இந்தச் சாய்வு. தனியாக ஓடும்போது விதை இருந்தும் தண்ணீர் இல்லை.

6 அங்குலம் தூக்கும் அடாப்டர் ஒன்றை ஹிட்ச் குழாயில் செருகினேன். இந்த அடாப்டர்களை வாங்கும்போது எவ்வளவு எடை இழுக்கலாம் என்று பொறித்திருப்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். குழாய்க்குள் அது கடகடவென்று ஆடாமல் இருக்க ஒரு கிளாம்ப்பும் போட்டேன், அந்தச் சின்ன ஆட்டமும் ஜீப்புக்குப் போய்ச் சேரும். கூடவே சாமான் ஏற்றிய ஜீப்பை டிரக் ஸ்டாப் எடை மேடையில் ஏற்றினேன். 4,610 பவுண்டு. டெக்ஸாஸில் 4,500-க்கு மேல் போனால் இழுபடுவதற்குத் தனி பிரேக் வேண்டும். பிரேக் கருவி நான் முன்பே வைத்திருந்தேன், ஆனால் வீட்டம்மா திரும்பிக் கேட்டார், "இதையும் இன்னைக்குத்தான் பாக்கறீங்களா?" பதில் சொல்லவில்லை.

போன மாதம் அதே வழியில் மறுபடி பிக் பெண்ட் போனோம். ஐம்பது மைலுக்கு ஒருமுறை இறங்கி வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன், உடையவில்லை. கொலம்பஸ் பாலம், ஜங்ஷன், ஓசோனா தாண்டி பேகஸ் ஆற்றுப் பாலம். அந்த டேம்பரையும் வேண்டுமென்றே கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்தச் சோதனை, திரும்பி வந்த பிறகு மறுபடி மாட்டிவிட்டேன். வீட்டம்மா கேமரா திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. ஃபோர்ட் ஸ்டாக்டனில் பீட் பறவைக்குக் கீழே நிறுத்தி ஃபோனை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு டேப் பாலங்களில் ஒரு தடவை துடித்து அடங்குகிறது, அவ்வளவுதான்.

நாற்பது நிமிட வீடியோவை அப்படியே மச்சானுக்கு அனுப்பினேன். இரவு பதில் வந்தது.

"முழுசாப் பாத்தனுங்க மாமா. படத்துல கதையே இல்லீங்க."